ஜில்லா போர்டை மறந்தோம்

தஞ்சைக்காரர்களாகிய நாம் பெரிய கோயிலைப் பற்றி ஓயாமல் பேசுவோம். கல்லணையைப் பற்றியும் பேசுவோம். ஜில்லா போர்டைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மன்னர்கள் கட்டியவை நினைவிருக்கின்றன. ஒரு ஜில்லா தனக்குத்தானே செய்துகொண்டவை நினைவில் இல்லை.

மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதைக்காக, நிலவரியுடன் தனித் தீர்வை ஒன்றையும் ஜில்லா மக்கள் செலுத்தினர். 1903-இல் அறந்தாங்கி வரை பாதை நீண்டது. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதையோ ஜில்லா போர்டின் உடைமை. நெல் விளையும் ஒரு ஜில்லா, தனக்கென ரயில் பாதை வைத்திருந்தது என்பதை இன்று யார் நம்புவார்?

1920-களில் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வத்தின் காலம் இதனினும் முக்கியமானது. மராட்டிய மன்னர்களின் சத்திரங்கள் அப்போது போர்டின் பொறுப்பில் இருந்தன. அவற்றைச் சார்ந்த ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகள் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறக்கப்பட்டன. வடமொழி மட்டுமே பயிற்றுவித்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் இடம்பெற்றது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் இதற்குத் துணை நின்றார். அந்தக் கல்லூரியில் தமிழ் பயின்று வித்துவான் ஆனவர்கள் பலர். இவற்றுக்குச் சென்னைக் கோட்டையின் கருணை தேவைப்படவில்லை; உள்ளூர்ச் சபையின் தீர்மானமே போதுமானதாயிருந்தது.

அதைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. தொடக்கத்தில் கலெக்டரே தலைவர். வாக்குரிமை சொத்துள்ளோர்க்கும் வரி கட்டுவோர்க்கும் மட்டுமே. மிராசுதாரர் பேசிய அவையில், சேற்றில் நாற்று நட்டவருக்கு இடமில்லை.

வேதனை எதுவெனில், வாக்குரிமை எல்லோருக்கும் வந்தபின் அதிகாரம் சபையைவிட்டு அகன்றுவிட்டது. 1958-ஆம் ஆண்டின் சட்டங்களை அடுத்து ஜில்லா போர்டுகள் மறைந்தன. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஊராட்சியைத் தந்தது. ஆனால் பழைய அதிகாரத்தைத் தரவில்லை. 2016 முதல் 2019 வரை தேர்தலின்றித் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களில் அதுவே நிகழ்ந்தது.

சட்டமன்றத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால் ஊரே கொதிக்கும். மாவட்டச் சபை ஆண்டுக்கணக்கில் இல்லாதபோது தேநீர்க்கடையில்கூடப் பேச்சு எழவில்லை. அதிகாரிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. சிலருக்கே வாக்கிருந்த நாளில் விடுதிக் கதவைத் திறந்த சபை அது. எல்லோருக்கும் வாக்குள்ள நாளில் அது என்னென்ன செய்யக்கூடும் என்று நாமல்லவா கேட்க வேண்டும்?