வெளியேற்றும் அதிகாரம் யாருடையது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் மலையாளத் தொலைக்காட்சியும் தமிழ்த் தொலைக்காட்சியும் ஒரே வீட்டில் ஒலிக்கின்றன. 2021 டிசம்பரில் சோனி தொடங்கிய ‘ஷார்க் டேங்க் இந்தியா’, 2025இல் விஜய் தொலைக்காட்சிக்கு வந்த ‘ஸ்டார்ட்அப் சிங்கம்’ போன்ற தொழில்போட்டி நிகழ்ச்சிகள் இளைஞர்களை ஈர்க்கின்றன. திறமையுள்ளவர் வெறுங்கையுடன் அனுப்பப்படும்போது, “இது நியாயமா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியை அற்பமென ஒதுக்குவது தவறு. அதில் நீதியுணர்வு இருக்கிறது. ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இவ்வகை நிகழ்ச்சிகளில் உலகப் புகழ் பெற்றது, 2004 ஜனவரியில் அமெரிக்காவின் என்பிசி தொடங்கிய ‘அப்ரெண்டிஸ்’. வாரந்தோறும் ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் முதலாளியாக அதில் அமர்ந்தவர் டொனால்டு டிரம்ப். அவருடைய நீக்க முடிவுகள் பலமுறை மனம்போன போக்கில் இருந்ததாகவும், சிறப்பாகச் செயல்பட்டவரே நீக்கப்பட்டால் பல மணி நேரப் பதிவுகளைத் துழாவி அவருடைய சறுக்கல்களைத் தேடியெடுத்து அம்முடிவுக்கு நியாயம் கற்பித்ததாகவும் அதன் படத்தொகுப்பாளர்களே பின்னாளில் கூறினர். அதாவது, தண்டனை முதலில் வந்தது. குற்றம் பின்னர் தயாரிக்கப்பட்டது.

முதல் பருவத்தின் இறுதிச் சுற்றில் கறுப்பினத்தவரான குவாமி ஜாக்சனும் வெள்ளையரான பில் ரான்சிக்கும் எஞ்சினர். ஜாக்சனை டிரம்ப் இனவெறிச் சொல்லால் குறிப்பிட்டார் என்று, தயாரிப்பாளர்களில் ஒருவரான பில் புரூயிட், இருபதாண்டு இரகசிய ஒப்பந்தம் முடிந்தபின் 2024 மே மாதம் எழுதினார். டிரம்ப் தரப்பு அதை மறுத்தது. வெற்றி ரான்சிக்குக்கே அளிக்கப்பட்டிருந்தது. அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்று கேட்கும் உரிமை இருபது ஆண்டுகள் யாருக்கும் இருக்கவில்லை.

“பணம் அவர்களுடையது; முடிவும் அவர்களுடையது” என்பது முதலாளித்துவ ஆதரவாளர்களின் வாதம். அப்படியானால் அதைத் தகுதிக்கான தீர்ப்பாக ஏன் விற்க வேண்டும்? சொந்த விருப்பம் என்றால் தீர்ப்பு வேடம் எதற்கு? தீர்ப்பு என்றால் விதி எங்கே, மேல்முறையீடு எங்கே? இரண்டையும் ஒருசேர உரிமை கொண்டாடுவதே மூலதனத்தின் தந்திரம். தோற்றவன் தன்னையே நொந்துகொண்டு வெளியேற வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சிகள் நாள்தோறும் நடத்தும் பாடம்.

இதே பாடம் ஒளிப்பதிவுக் கருவி இல்லாமலும் நடத்தப்படுகிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தறியில் அமர்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி பருத்தித் துணிக்கு 5 சதவீத வரி விதித்தது. 2020 ஜூலையில், பெருந்தொற்றின் நடுவே, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை ஒன்றிய அரசு கலைத்தது. எந்த நெசவாளரும் நடுவர் முன் நிறுத்தப்படவில்லை. எவரிடமும் விளக்கம் கேட்கப்படவில்லை. ஆயினும் தறியைக் கைவிட்டவரைப் பார்த்து, “காலத்துக்கு ஈடுகொடுக்கத் தெரியாதவர்” என்று சந்தை தீர்ப்பு எழுதுகிறது.

மாற்றுவழி இல்லையா? பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணியை அரசே கொள்முதல் செய்யும் திட்டத்தைக் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு கொண்டுவந்தது. நெசவாளர் எந்தச் ‘சுறா’வின் முன்னும் கைகட்டி நிற்கவில்லை. பொதுத்தேவையே அவருக்கு வேலை கொடுத்தது. கூலி பாக்கி விழுந்தால் கேட்பதற்குச் சங்கம் உண்டு. பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசும் உண்டு. தொலைக்காட்சி முதலீட்டாளரிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே, “நடுவர்கள் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்” என்ற கோரிக்கை மட்டும் போதாது. நேர்மையான எசமானரைத் தேடுவது எசமானத்துவத்தை ஏற்பதாகும். இதை இம்மண்ணின் உழைப்பாளிகள் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற தலித் சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது சாதி ஆதிக்கவாதிகள் பள்ளியையே எரித்தனர். அவள் ‘வெளியேற்றப்பட்டாள்’. அவளுடைய திறமையை எவரும் சோதிக்கவில்லை. அக்காலகட்டத்தில் அய்யன்காளியின் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் கல்வியுரிமைக்காக வயலில் இறங்க மறுத்தனர். நிலவுடைமையாளரின் மனச்சாட்சியிடம் அவர்கள் மனுப் போடவில்லை. தங்கள் உழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். களை மண்டிய வயல்கள் அவர்களுக்காகப் பேசின.

தொலைக்காட்சி முன் அமர்ந்து “இது நியாயமா?” என்று கேட்கும் இளைஞர் நம் எதிரி அல்லர், நம்மோடு வரவேண்டியவர். அவருடைய கேள்வியைத் தறிக்கும், முந்திரி ஆலைக்கும், ஒப்பந்தப் பணியிடத்துக்கும் கொண்டுசெல்வது வாலிபர் அமைப்புகளின் கடமை, தொழிற்சங்கங்களின் கடமை. வெளியேற்றப்பட்டவர் தகுதியானவரா என்பது இரண்டாம் கேள்வி. வெளியேற்றும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார் என்பதே முதற்கேள்வி.