எழுத்தைத் தடிக்க வைப்பதா, தடித்த எழுத்தை வரைவதா?

திம்புள்ளத் தேயிலையின் பெயரைத் தாங்கிய பொதிகள் பலவற்றில் ஆங்கிலம் கம்பீரமாக நிற்கிறது: கோட்டு நுனிகளில் சிறு பாதம் வைத்த, தடித்த ‘செரிஃப்’ எழுத்து. அதில் குறை காண்பதற்கில்லை. 1922இல் சிக்காகோவில் ஒஸ்வால்ட் கூப்பர் வரைந்த ‘கூப்பர் பிளாக்’ போன்றவை தலைப்புக்கென்றே பிறந்தவை. தடிப்புக்கு ஏற்ப உள்வெளியைக் கணக்கிட்டு ஒவ்வொரு எழுத்தையும் தனியே வரைந்திருக்கிறார்கள்.

தமிழுக்கு என்ன செய்கிறார்கள்? உடற்பகுதிக்கான எழுத்தை எடுத்து, கணினியில் ‘போல்ட்’ பொத்தானை அழுத்துகிறார்கள். இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் நசுக்குகிறார்கள். விளைவு, ‘ண’வின் சுழிகள் அடைபடுகின்றன, ‘ஞ’ கறைபோல் ஆகிறது, புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது.

“பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழையே மலிந்து கிடக்கையில் வடிவத்துக்கு என்ன அவசரம்?” என்று கேட்பார்கள். தமிழில் புள்ளி அலங்காரமன்று. அது மறைந்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். வடிவக்கேடும் ஒருவகை எழுத்துப்பிழையே.

தடித்த, நுனி கட்டிய வடிவம் தமிழின் இயல்புக்கு ஒவ்வாது என்பது இன்னொரு வாதம். ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஒரே சீரானது என்பது உண்மைதான். ஆனால் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியபோதே தமிழ் எழுத்து உலோகத்துக்கு மாறிவிட்டது. மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்த அச்செழுத்தையே தலைமுறை தலைமுறையாகப் புத்தகங்களில் வாசித்து வந்திருக்கிறோம். ஒவ்வாததை இத்தனை காலம் யாரும் வாசிப்பார்களா?

கருவியில்லை என்றும் சொல்ல முடியாது. ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த ‘கட்டமரன்’ செரிஃப் இல்லாத வகைக்கு நல்ல சான்று. எனினும் ஒரு குறை உண்டு. இலங்கையில் உருவான ‘அபய லிப்ரே’ சிங்களத்தையும் இலத்தீனையும் ஐந்து கனங்களில் ஒரே குடும்பமாக வளர்த்திருக்கிறது. அக்குடும்பத்தில் தமிழ் இல்லை. மூன்று மொழிகளும் ஒரே பலகையில் நிற்கும் நாட்டில், மூன்றையும் சமமாக வரைந்த தலைப்பெழுத்து வேண்டாமா?

மலையக மக்களுள் மிகப் பெரும்பாலானோரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. சட்டத்தில் கிடைத்த இடம் சுவரிலும் தெரியவேண்டும். தலவாக்கலையிலோ லிந்துலையிலோ பலகை எழுதுவிக்கும் அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் செய்யவேண்டியவை மூன்றே: தடித்ததாகவே வரையப்பட்ட தமிழ் எழுத்தைப் பயன்படுத்துங்கள், நீட்டாதீர்கள், நசுக்காதீர்கள், பலகை ஏறுமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. வேண்டியது மரியாதை மட்டுமே.