ஏழு விநாடிக்கு விலை என்ன?

1969-இல் அமெரிக்காவின் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழு பதிவு செய்த ‘ஆமென், பிரதர்’ என்னும் இசைத்தட்டில், மற்றக் கருவிகள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஏழு விநாடிதான். அந்தத் துணுக்கு பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகளில் எடுத்தாளப்பட்டது. பிரிட்டனின் ‘ஜங்கிள்’ இசைவகையே பெரிதும் அதன்மீது எழுந்தது. அதை வாசித்த கிரிகரி கோல்மன் 2006-இல் வீடற்றவராக, வறுமையில் இறந்தார். உரிமத்தொகையாக அவர் ஒரு காசும் காணவில்லை. குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் கிடைத்த சுமார் 24,000 பவுண்டுகூட இசையன்பர்கள் திரட்டித் தந்த நன்கொடையே.

அன்று ஒலியை வெட்டி ஒட்டத் தனிக் கருவி வேண்டியிருந்தது. இன்று கணினியில் ஒரு செருகுநிரல் போதும். ஒவ்வோர் அடியும் தொடங்கும் இடத்தை அதுவே கண்டறிந்து துண்டாக்கும். துண்டுகளை வரிசை மாற்றும், சுருதியை ஏற்றி இறக்கும், தலைகீழாக ஒலிக்கச் செய்யும். சில நிமிடங்களில், வாசித்தவருக்கே தம் வாசிப்பு அடையாளம் தெரியாமல் போகக்கூடும்.

சட்டம் இங்கேதான் தடுமாறுகிறது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினரது 1977-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து இரண்டு விநாடி எடுக்கப்பட்ட வழக்கில், செவிக்கு அடையாளம் தெரியாதவாறு மாற்றப்பட்ட துணுக்கு உரிமை மீறலாகாது என 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவிலோ எத்துணைச் சிறு துணுக்குக்கும் அனுமதி தேவை என்றது 2005-ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. மிகச் சிறியதெனில் வேண்டாம் என்றது 2016-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம்.

கலைச் சுதந்திரத்தைக் கருதினால் ஐரோப்பியத் தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் அதன் பொருளாதார விளைவு விசித்திரமானது: மூலத்தை நன்றாக மறைக்கத் தெரிந்தவர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. செருகுநிரல் மேம்பட மேம்பட, விலை சுழியத்தை நெருங்கும். கட்டாய அனுமதியும் தீர்வாகாது. உரிமையாளரைத் தேடிப் பேரம் பேசும் செலவு துணுக்கின் மதிப்பை விஞ்சிவிடும். பெரிய நிறுவனங்களே அதைத் தாங்கும். அப்படிச் செலுத்தும் பணமும் பதிவின் உரிமையாளருக்குப் போகுமேயன்றி டிரம்ஸ் வாசித்தவருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.

ஒலிப்பதிவுக் கருவிகளின்மீது 1965-இலேயே தீர்வை விதித்த ஜெர்மனியின் முன்மாதிரி இங்கே பொருந்தும். வெட்டும் மென்பொருளின் விற்பனை விலையில் ஒரு சிறு பங்கைப் பெறலாம். எந்தத் துணுக்கு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதுதான். ஆகவே தனிக்கணக்கு வேண்டாம். கூலிக்கு வாசித்துவிட்டுப் போன கலைஞர்களின் முதுமைக்கான பொது நிதியாக அது இருக்கட்டும். தீர்வையின் விகிதத்தைப் பற்றி மென்பொருள் நிறுவனங்கள் வாதாடட்டும். தீர்வையே கூடாது என்று வாதாட அவற்றுக்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.