முள் நகராத மாதங்கள்

சேலம் நகரின் செவ்வாய்ப்பேட்டையைத் தராசுகளின் ஊர் எனலாம். மூலப்பிள்ளையார் கோவில் பகுதியில் உள்ள வெல்ல மண்டியிலும், லீ பஜாரின் மொத்த வணிகக் கடைகளிலும் மூட்டைகள் நிறுக்கப்படுகின்றன. கொலுசுப் பட்டறைகளிலோ வெள்ளி கிராம் கணக்கில் நிறுக்கப்படுகிறது. தராசு சொல்லிவிட்டால் அதற்கு மேல் வழக்கில்லை என்பது வணிகத்தின் நெறி. அதே நம்பிக்கையை நம்மில் பலர் தம் உடலின் மீதும் ஏற்றிக்கொள்கிறோம். வெல்லத்துக்கும் வெள்ளிக்கும் பொருந்தும் நீதி உயிருள்ள உடலுக்கும் அப்படியே பொருந்துமா? இதையே இம்மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

ஓர் இல்லத்தலைவியை எண்ணிக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து, எடை 80 கிலோ. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். மறுநாள் முதல் விடியற்காலையில் நடை; சீனி இல்லாத காப்பி; இரவில் அளவான உணவு. முதல் மாதத்தில் மூன்று கிலோ குறைகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். நான்கு மாதங்களில் 73 கிலோ. அதன்பின் முள் அங்கேயே நின்றுவிடுகிறது. நடையும் நிற்கவில்லை, உணவும் மாறவில்லை. ஆயினும் ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே 73 தான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் இரண்டில் ஒரு தவறான வழியில் இறங்குகின்றனர். ஒரு சாரார், "நமக்கு இதுதான் விதித்தது" என்று அனைத்தையும் கைவிடுகின்றனர். மற்றொரு சாரார் பட்டினி கிடக்கத் தொடங்குகின்றனர். அல்லது விளம்பரத்தில் கண்ட பொடியையும் மாத்திரையையும் விலை கொடுத்து வாங்குகின்றனர். இரு வழியும் நலத்துக்கு உரியவை அல்ல. ஆகவே முள் ஏன் நிற்கிறது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வோம்.

சேலம் மாவட்டத்தில் வாழ்வோர்க்கு மேட்டூர் அணையைச் சொல்லி விளக்கினால் போதும். 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீர்மட்டமும், நீர்வரத்தும், வெளியேற்றமும் நாள்தோறும் செய்தியாக வருகின்றன. வரத்தும் வெளியேற்றமும் சமமானால் மட்டம் அசையாது. நம் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பும் அத்தகையதே. உணவு வரத்து, உடலின் உழைப்பு வெளியேற்றம். வெளியேற்றம் மிகுந்தால் மட்டம் இறங்கும். ஆனால் அணைக்கும் உடலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மட்டம் இறங்க இறங்க, உடல் தன் மதகுகளை நம்மைக் கேளாமலே சிறிது சிறிதாக மூடிக்கொள்கிறது.

இதற்குக் காரணங்கள் பல. முதல் சில வாரங்களில் குறைவது முழுவதும் கொழுப்பன்று. அதில் ஒரு பகுதி நீர். உடல் சேமித்து வைத்துள்ள மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் ஒட்டியிருக்கிறது. உணவு குறைந்ததும் அச்சேமிப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. எனவே முதல் மாதத்தின் வேகம் என்றும் நீடிப்பதில்லை. அடுத்து, உடல் இலேசாகும்போது அதைச் சுமந்து நடக்கும் செலவும் குறைகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 70 கிலோவுக்கு வந்துவிட்டால், அதே தொலைவை நடக்க எட்டில் ஒரு பங்கு குறைவாகவே ஆற்றல் செலவாகும். மூன்றாவதாக, இவ்விரண்டுக்கும் மேலாக உடல் தானே சிக்கனம் பிடிக்கிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் இதனை அளந்து காட்டினர். எடையில் பத்து விழுக்காட்டைக் குறைத்தவர்களின் உடல், அந்த எடைக்கு எதிர்பார்க்கப்பட்டதைக் காட்டிலும் குறைவாகவே ஆற்றலைச் செலவிட்டது. அதே வேளையில் பசியைத் தூண்டும் சுரப்புகளும் மிகுகின்றன.

பஞ்சத்தையும் பட்டினியையும் கண்டு பழகிய உயிரினத்துக்கு இது ஒரு காவல். அந்தக் காவல் எவ்வளவு வலியது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45 ஆண்டுகளில் நடந்த சோதனையில் காணலாம். உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள் அதற்கு மனமுவந்து முன்வந்தனர். அவர்களுள் பலர் போரை ஏற்காத கிறிஸ்தவச் சபைகளைச் சேர்ந்தவர்கள். போரினால் பட்டினியுற்ற மக்களை எவ்வாறு தேற்றுவது என்று அறிவதே நோக்கம். ஆன்செல் கீஸ் என்னும் அறிஞரின் மேற்பார்வையில் அவர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தனர். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். நாடித்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர் உணர்ந்தனர், இரவும் பகலும் உணவைப் பற்றியே எண்ணினர். அவர்கள் உடல் ஓய்வில் செலவிட்ட ஆற்றல் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்துபோயிற்று. சோதனை முடிந்து உணவு கிடைத்தபோது கொழுப்பே முந்திக்கொண்டு திரும்பியது. முள் நிற்கும்போது பட்டினியை நாடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மதகு மூடும் உடலோடு பட்டினியால் போரிட்டால், அது இன்னும் இறுக மூடுமேயன்றித் திறக்காது.

அவ்வாறாயின் எல்லாப் பழியும் உடலின் மீதுதானா? அன்று. நியூயார்க்கிலேயே 1992-இல் வெளியான மற்றோர் ஆய்வு, "எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை" என்று முறையிட்டவர்களை நுணுகி நோக்கியது. அவர்கள் தாம் உண்டதாகச் சொன்னதற்கும் உண்மையில் உண்டதற்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்பட்டது. உண்டதில் ஏறத்தாழ பாதி கணக்கில் வரவில்லை. உடலுழைப்பையோ அவர்கள் பாதிக்கு மேல் மிகுத்துச் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய்யர்கள் அல்லர். கைகள் செய்வதை நினைவு மறந்துவிடுகிறது, அவ்வளவே.

நம் சமையலறைகளிலும் இதுவே நிகழ்கிறது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றி உண்பது கணக்கில் வருவதில்லை. மாலையில் கடைத்தெருவில் உண்ணும் ஒரு தட்டுவடை செட், விருந்தினரோடு பருகும் இரண்டாம் காப்பி, ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியின் இரண்டாம் பரிமாற்றம் ஆகியனவும் அப்படியே. சேலத்துக்குப் புகழ் சேர்த்த ஜவ்வரிசியை உபவாச நாளுக்கேற்ற எளிய உணவென்று கருதுகிறோம். அது மரவள்ளியிலிருந்து எடுத்த மாவுச்சத்தே. 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. புரதமோ இல்லை எனத்தகும் அளவே.

எண்ணெயின் கணக்கு இன்னும் தெளிவானது. நால்வர் உள்ள இல்லத்தில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம். அதாவது 270 கலோரி. அதைப் பாதியாக்கினால் நாளுக்கு 135 கலோரி மிச்சம். இதனால் என்ன பயன் விளையும்? அமெரிக்க அரசு ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். நாள்தோறும் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் முடிவில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டு ஆகும். ஏறத்தாழ முழுவதும் குறைய மூன்றாண்டு ஆகும். எனவே எண்ணெயைப் பாதியாக்கும் ஒரே வழக்கம், வேறெதையும் கூட்டாதவரை, ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே குறைக்க வல்லது. ஆனால் அதற்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே முள் நின்றுவிட்ட இல்லங்களுக்கு நாம் கூறத் துணிவன இவை. ஒரு வாரம் வாயில் இடும் ஒவ்வொன்றையும், உண்ட உடனே, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மாத எண்ணெயை அளந்து வாங்கி, எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டுக்கு மிகாதிருத்தல் நன்று. சோற்றைக் குறைத்த இடத்தில் கொள்ளு, பச்சைப்பயறு, கீரை, காய், முட்டை, மீன் ஆகியவை வரட்டும்.

நடையோடு தசைக்கு உரிய பயிற்சியும் தேவை. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், நீர் நிறைந்த குடங்களை அளவோடு தூக்குதல் ஆகியன வீட்டிலேயே செய்யத் தக்கவை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். பயிற்சி அதைத் தடுக்கிறது. நாளெல்லாம் அமர்ந்தே பணிபுரியும் கொலுசுத் தொழிலாளரும் கல்லாவில் இருக்கும் வணிகரும் மணிக்கொருமுறை எழுந்து நிற்பது நலம். உறக்கத்தையும் குறைக்கலாகாது; உறக்கம் குறைந்தால் பசி மிகும்.

இவ்வளவுக்குப் பின்னும் எடை அசையாவிடில், அல்லது காரணமின்றி ஏறினால், மருத்துவரைக் காணுங்கள். தைராய்டு சுரப்பியின் குறைவும் சில மருந்துகளும் எடையைக் கூட்டுவன. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் தாமாக உணவைத் தவிர்க்கவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம்.

இனி, முள் நகரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பட்ட பாடெல்லாம் வீண்தானா? இதற்குச் சென்னையில் கிடைத்த விடையைவிடச் சிறந்தது வேறில்லை. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. சிலர்க்கு நாள்தோறும் அரைமணி நேர நடையும், சீனி, கொழுப்பு, தீட்டிய தானியம் ஆகியவற்றைக் குறைத்த உணவும் அறிவுறுத்தப்பட்டன. மூன்றாண்டுகளில், அறிவுரை பெறாதவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளராயினர்; வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினரே அவ்வாறாயினர். இதில் வியப்பு யாதெனில், அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை! தராசு ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் நூறு பேரில் ஏறத்தாழ பதினாறு பேர் அக்காலத்தில் நோய்க்குத் தப்பினர்.

நாம் சொல்ல வந்ததும் இதுவே. நடையின் பயனும் அளவான உணவின் பயனும் எடையில் மட்டும் எழுதப்படுவதில்லை. இரத்தச் சர்க்கரையில், இரத்த அழுத்தத்தில், படியேறும்போது வாங்கும் மூச்சில், இடுப்பின் சுற்றளவில் அவை எழுதப்படுகின்றன. எனவே எந்திரத்தில் நாள்தோறும் ஏறுவதை விடுத்து, வாரம் ஒருமுறை ஏறுங்கள்; மாதம் ஒருமுறை அளவு நாடாவால் இடுப்பை அளந்து எழுதுங்கள். இந்தியர்க்கு, ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது. எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே உடல்நலத்தில் பயன் தெரியும். நாம் எண்ணிக்கொண்ட அந்த இல்லத்தலைவி ஏழு கிலோ குறைத்துவிட்டார். அந்த எல்லைக்குள் அவர் முன்பே வந்துவிட்டார் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டாரே. "இன்னும் குறையவில்லையா?" என்று கேட்பதை நிறுத்துவோம். "நாளைக் காலையில் நானும் உடன் வருகிறேன்" என்று கணவரும் பிள்ளைகளும் சொல்லட்டும். ஒருவருக்கெனத் தனிச் சமையல் செய்வதை விட்டு, எண்ணெய் குறைந்த உணவை வீடு முழுவதும் உண்ணட்டும். இறங்கிய எடையை ஏறவிடாமல் காப்பதும் ஒரு வெற்றியே. அதுவும் நாள்தோறும் செய்ய வேண்டிய அரும்பணி. முள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். கால்கள் மட்டும் நிற்காதிருக்கட்டும்.