பேரம் போக வேண்டும், மீட்டர் ஓட வேண்டும்!

வழிப்போக்கனுக்கு வழியில் பயம் இருக்கக் கூடாது. திருமுருகன்பூண்டி தலபுராணமே இதைத்தான் சொல்கிறது.

சேரமான் பெருமாள் கொடுத்த பரிசுகளோடு சுந்தரர் இந்த வழியாக வந்தார். வேடர்கள் மறித்தார்கள். பொன்னையும் பொருளையும் பறித்தார்கள். வேடர் உருவில் வந்தவை சிவபெருமானின் பூதகணங்கள்! சுந்தரர் கோவிலில் நின்று பாடினார். பறிபோன பொருள் திரும்பக் கிடைத்தது.

இன்று பூண்டிச் சாலையில் வேடர்கள் இல்லை. ஆனாலும் இரவில் வந்து இறங்குகிறவர்கள் மனத்தில் ஒரு பயம் இருக்கிறது.

"ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்களோ?"

இதுதான் அந்தப் பயம்!

நேரம் கெட்ட நேரம்

திருப்பூர் பனியன் நகரம். ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்றால், வேலை முடிய இரவு வெகு நேரம் ஆகும். பெரிய கம்பெனிகள் வேன் அனுப்புகின்றன. சிறிய கம்பெனியில் வேலை செய்யும் பெண் என்ன செய்வாள்? கடைசி பஸ் போயிருக்கும். ஆட்டோதான் கதி.

வடமாநிலத் தொழிலாளிகள் ரெயிலில் வந்து இறங்குகிறார்கள். ஊர் புதிது, பாஷை புதிது, தூரமும் தெரியாது. கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் கூலியில் பெரும் பகுதி அங்கேயே கரைகிறது.

டிரைவர் பக்கம்

அதற்காக டிரைவரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. அவரும் உழைப்பாளிதான்.

வண்டிக் கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். வண்டியைப் பழுது பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூண்டிக்கு ஒரு சவாரி போனால், திரும்பும்போது வண்டி காலி!

அந்தக் காலிப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் அவர் கேட்கிறார். பயணிக்கு அது கொள்ளையாகத் தெரிகிறது. இருவருக்கும் பொதுவான ஒரு கணக்கு இல்லாததுதான் சண்டைக்குக் காரணம்.

சென்னை கற்ற பாடம்

சென்னையில் 2013-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அரசு ஒரு கணக்குப் போட்டது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரைப் பங்கு.

திருப்பூரிலிருந்து பூண்டி சுமார் 8 கிலோமீட்டர். அந்தக் கணக்குப்படி பார்த்தால், பகலில் ஏறத்தாழ 100 ரூபாய். இரவில் 150 ரூபாய். எவ்வளவு தெளிவு!

முதலில் மீட்டர்கள் ஓடின. பிறகு பல வண்டிகளில் நின்றுவிட்டன. ஏன்?

2021-ம் ஆண்டு பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. மீட்டர் கட்டணமோ பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே இடத்தில் நின்றது. கட்டுப்படி ஆகாத மீட்டரை எந்த டிரைவர் போடுவார்? கட்டணத்தை நிர்ணயித்தால் மட்டும் போதாது. விலைவாசியோடு அதையும் மாற்ற வேண்டும்.

செல்போனில் சவாரி

பிறகு செல்போனில் வண்டி கூப்பிடும் வசதி வந்தது. கட்டணம் முன்கூட்டியே தெரிந்தது. டிரைவர் பெயரும் வண்டி எண்ணும் தெரிந்தன. பெண்களுக்கு அது பெரிய தைரியம்.

ஆனால் மழை பெய்தால் கட்டணம் ஏறியது. கம்பெனிகள் பிடித்த கமிஷனால் டிரைவர்கள் நொந்தார்கள்.

2022-ம் ஆண்டு பெங்களூரில் 'நம்ம யாத்ரி' வந்தது. அதில் சவாரிக்குச் சவாரி கமிஷன் இல்லை. டிரைவர் ஒரு சிறு சந்தா கட்டினால் போதும். பயணி கொடுக்கும் பணம் முழுவதும் அவருக்கே. நடுவில் பங்கு கேட்க ஆள் இல்லாவிட்டால் இருவருக்கும் லாபம் என்பதை அது காட்டியது.

என்ன செய்ய வேண்டும்?

ரெயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் கட்டணப் பலகை வைக்க வேண்டும். தமிழோடு இந்தியிலும் எழுத வேண்டும். 'பூண்டிக்கு இவ்வளவு, அவிநாசிக்கு இவ்வளவு' என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வார்.

முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கும் நிலையம் வேண்டும். அந்தச் சீட்டில் வண்டி எண் இருக்க வேண்டும்.

காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் நியாயமான ஒரு தொகை சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கட்டணத்தை மாற்ற வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவை இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே வாடகை வண்டிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது.

பனியன் காட்டும் வழி

வழி தேடி வெளியூர் போக வேண்டாம். பனியன் தொழிலில் கூலி எப்படி முடிவாகிறது? முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். காரசாரமாகப் பேசுகிறார்கள். கடைசியில் ஒப்பந்தம் போடுகிறார்கள். காலம் முடிந்ததும் மறுபடியும் பேசுகிறார்கள்.

ஆட்டோ, டாக்சிக்கும் அதே முறை வரட்டும். அதிகாரிகளும் டிரைவர் சங்கங்களும் கூடிப் பேசட்டும். பயணிகள் சார்பில் ஒரு பனியன் தொழிலாளிப் பெண்ணும் அந்த மேஜையில் உட்காரட்டும்.

பேசித் தீர்த்த கூலியை யாரும் பறித்ததாகச் சொல்வது இல்லை. கொடுப்பவரும் மனம் நிறைந்து கொடுப்பார். வாங்குபவரும் தலை நிமிர்ந்து வாங்குவார்!