பதிவேட்டில் யாருடைய பெயர்? கோலாப்பூர் செருப்பிலிருந்து மாமல்லபுரம் சிற்பம் வரை

2025 ஜூனில் இத்தாலிய நிறுவனமான பிராடா மிலான் நகரில் காட்சிப்படுத்திய செருப்புகள், மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் தலித் தோல் கைவினைஞர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் கோலாப்பூர் செருப்பை ஒத்திருந்தன. கைவினைஞர்களுக்கு இழப்பீடு கோரி வழக்கறிஞர்கள் தொடுத்த பொதுநல வழக்கை ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனுதாரர்கள் அந்தப் புவிசார் குறியீட்டின் பதிவு பெற்ற உரிமையாளர்கள் அல்லர் என்பதே காரணம். உரிமை, இரு மாநில அரசுகளின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களிடம் இருக்கிறது.

இந்தத் தீர்ப்பு செங்கல்பட்டு மாவட்டத்திற்கும் பொருந்தும். மாமல்லபுரம் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன. ஆனால் 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டத்தில் பதிவேடு இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியில் உரிமையாளரின் பெயரும் இரண்டாம் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனர்களின் பெயர்களும் இடம்பெறும். குறியீட்டைப் பயன்படுத்தும் தனியுரிமை பயனருக்கே உண்டு. அது மீறப்பட்டால் உரிமையாளரோ பயனரோ வழக்குத் தொடுக்கலாம். பெயர் இல்லாதவர் எத்தனை ஆண்டு உளி பிடித்திருந்தாலும் அவ்வுரிமைக்கு வெளியேதான் நிற்கிறார்.

இதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, பொருளைச் செய்பவரோடு அதனை வணிகம் செய்பவரையும் 'உற்பத்தியாளர்' என்கிறது. எனவே கல்லைத் தொட்டறியாத கடை உரிமையாளரும் பயனராகப் பதிவு பெறலாம். பயனர் விண்ணப்பக் கட்டணம் 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆகவே தடை பணமன்று. கூலிக்குச் செதுக்குபவர் தம் தொழிலை மெய்ப்பிக்கும் ஆவணம் எதுவும் அவர் கையில் இல்லை என்பதே தடை. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி, குலவழிக் கலையைப் பிறருக்கும் திறந்துவிட்டது. கற்கும் வாசல் திறந்தபின் உரிமையின் வாசல் மூடிக்கிடப்பது நீதியாகாது.

சொந்தமாகச் சிற்பக்கூடம் நடத்துவோருக்கு வணிகக்குறிச் சட்டம் மற்றொரு வழி. 'மாமல்லபுரம்' என்னும் ஊர்ப்பெயரை எவரும் தனியுடைமையாக்க முடியாது. தம் கூடத்திற்கென அமைத்துக்கொண்ட தனித்த பெயரையும் சின்னத்தையும் பதிவு செய்யலாம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், பிறருக்கு 9,000. பதிவு பத்தாண்டு செல்லும்; பின்னர்ப் புதுப்பிக்கலாம். தனித்தனியே செலுத்த இயலாதோர் சங்கமாகத் திரண்டு கூட்டு வணிகக்குறி கோரலாம். 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், ஒதுக்கப்பட்ட மக்களின் தொழிலறிவு அவர்களுடைய சொந்த நிறுவனமாக நிற்க முடியும் என்பதற்குச் சான்று.

மாமல்லபுரம் சிற்பங்களுக்கான பயனர் பட்டியலில் கடைக்காரர் எத்தனை பேர், செதுக்குவோர் எத்தனை பேர் என்பதை அரசு வெளியிட வேண்டும். கூலிச் சிற்பிகளுக்குப் பணிச்சான்று வழங்கி, அவர்கள் வாழும் இடங்களிலேயே பதிவு முகாம் நடத்த வேண்டும். இதே மாவட்டத்தின் புதுப்பாக்கத்தில் அம்பேத்கர் பெயர் தாங்கிய அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் இவ்விண்ணப்பங்களை எழுதித் தர முன்வரலாம். கோலாப்பூரில் நிகழ்ந்தது இங்கும் நிகழும் நாளில், நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது பதிவேட்டில் உள்ள பெயரைத்தான்.