திருப்புளி யார் கையில்?

ராயபுரத்துப் பிள்ளைகளுக்குக் கிரேன் புதிதல்ல. துறைமுகத்தில் வானளாவி நிற்பதைத் தினமும் பார்க்கிறார்கள். மேலே ஒருவர் உட்கார்ந்து விசையை இயக்குகிறார். கீழே ஒருவர் கை காட்டுகிறார். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் பெட்டி லாரியில் இறங்கும். கணக்குத் தப்பினால்? ஆள் மேலேயே இறங்கிவிடும்!

அந்தக் கிரேனைச் சிறிய அளவில் செய்து, தானாகவே ஓடவைக்கும் பாடம் இப்போது பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது. அதுதான் 'ரோபோ' வகுப்பு. 2016-ம் ஆண்டு மத்திய அரசு 'அடல் டிங்கரிங்' ஆய்வுக்கூடத் திட்டத்தைத் தொடங்கியது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை உள்ளவர்களுக்காக, தேர்ந்தெடுத்த பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறார்கள்.

பணம் நல்லதுதான். ஆனால் அந்தக் கருவிகளைத் தொடுவது யார்?

நாலு பேர், ஒரு வண்டி

தரையில் ஒரு கறுப்புக் கோடு. அதன்மேல் ஒரு சின்ன வண்டி தானாக ஓடவேண்டும். ஒருவன் சக்கரம் பூட்டுகிறான். ஒருத்தி கம்பி இணைக்கிறாள். இன்னொருவன் கம்ப்யூட்டரில் கட்டளை எழுதுகிறான். நாலாவது ஆள் ஓட்டிப் பார்க்கிறான். வண்டி கோட்டை விட்டுச் சுவரில் முட்டுகிறது!

யார் குற்றம்? பாட்டரியில் சக்தி இல்லையா? கோட்டைப் பார்க்கும் 'சென்சார்' உயரத்தில் மாட்டப்பட்டதா? கட்டளை பிழையா? சண்டை வருகிறது. வரட்டும்! அவனவன் தன் வேலையை மற்றவருக்குப் புரியும்படி சொல்லியாகவேண்டும். சொல்லும்போதுதான், தனக்கே பாதி புரியவில்லை என்பது தெரிகிறது. பாடம் அங்கேதான் நடக்கிறது.

ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு. கெட்டிக்காரப் பையன் ஒருவன் திருப்புளியைப் பிடித்துக்கொள்கிறான். மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். பெண் பிள்ளை இருந்தால், "உன் கையெழுத்து அழகு, நீ நோட்டில் எழுது" என்று சொல்லிவிடுகிறார்கள். பரிசு கிடைத்தால் நாலு பேருக்கும் சான்றிதழ்! படித்தது ஒருவன்தான்.

750 மாணவிகள்

எண்ணூரிலிருந்து வடக்கே போய்ப் பழவேற்காட்டைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி அங்கிருந்து 'ஆசாதிசாட்' என்ற 8 கிலோ செயற்கைக்கோள் கிளம்பியது. அதற்குள் 75 சிறு கருவிகள். ஒவ்வொன்றும் சுமார் 50 கிராம். அவற்றை உருவாக்கியவர்கள் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள்! வழிகாட்டியது சென்னையில் உள்ள 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா'. மதுரை அருகே திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு.

முடிவு? தோல்வி! ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில், உணர்கருவிகள் தவறான கணக்குக் காட்டின. செயற்கைக்கோள் பூமிக்கு மிக அருகில் வரும் பாதையில் விடப்பட்டு, வீணாகிவிட்டது.

மாணவிகள் மேல் குற்றமில்லை. ஆனாலும் மனம் உடையாதா? அழுதுவிட்டு வீட்டோடு இருந்துவிடவில்லை. மீண்டும் கருவிகள் தயாராயின. 2023-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி 'ஆசாதிசாட்-2' சரியான பாதையில் சேர்ந்தது. ஒருத்தி தனியாக இருந்தால் முதல் தோல்வியோடு விட்டிருக்கலாம். பத்துப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால், யாராவது ஒருத்தி "இன்னொரு தடவை பார்ப்போமே" என்பாள்.

மார்க் எதற்கு?

அமெரிக்காவில் 1989-ம் ஆண்டு டீன் கேமன் தொடங்கியது 'பர்ஸ்ட்' அமைப்பு. அது சிறுவர்களுக்கு நடத்தும் லெகோ போட்டியில், ரோபோ ஓடியதற்கு மட்டும் மார்க் இல்லை. குழு எப்படிச் சேர்ந்து வேலை செய்தது என்பதையும் நடுவர்கள் விசாரித்து மார்க் போடுகிறார்கள். நம் பள்ளிகளும் இதைச் செய்யலாம். செலவே கிடையாது! வாரம் ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுத்தால் போதும். கம்பி இணைத்தவள் கட்டளை எழுதட்டும். கட்டளை எழுதியவன் நோட்டுப் புத்தகத்தை எடுக்கட்டும்.

திருவொற்றியூரில் மகளை ரோபோ வகுப்புக்கு அனுப்பும் தாய்க்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்கலாம். அதனால் என்ன? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வாத்தியாரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: "சார், இந்த மாதம் என் பெண் கையில் திருப்புளி எத்தனை நாள் இருந்தது?"